விளையாட்டு அறை தொல்லை கொடுக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

பால்வாடி, கிரீச், பிளே ஸ்கூல் நடத்துகிறவர்களுக்கும், அங்கே வேலை பார்க்கும் மிஸ், ஆயாம்மாக்களுக்கும் இது. ஒரே ஹால், இரண்டு பெரியவர்கள், இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை கலந்து சுமார் இருபது குழந்தைகள், வெளியே ஒரு தாழ்வாரம், கொஞ்சம் மண் தரை என்று வைத்துக்கொள்கிறேன். நம் ஊர்களில் பெரும்பாலும் அப்படித்தான். சாப்பாடும் அதே ஹாலில், தூக்கமும் அதே ஹாலில். வெளிநாட்டுக் கையேடுகளில் வருகிற தனித்தனி அறைகளை நினைத்து ஏங்கிப் பயனில்லை.

எந்தத் தொல்லையானாலும் முதலில் நான்கு கேள்விகள். எந்த இடத்தில் நடக்கிறது? எந்த நேரத்தில்? அப்போது அங்கே எத்தனை பேர், எத்தனை பொம்மை? பெரியவர்கள் எங்கே நின்றிருந்தோம்? எந்தக் குழந்தை என்பது ஐந்தாவது கேள்வி. நாம் வழக்கமாக அதிலிருந்துதான் தொடங்குகிறோம். "அந்தப் பையன் வந்தாலே இப்படித்தான்" என்று அங்கேயே முடித்தும் விடுகிறோம். பழைய காலண்டர் தாளைத் திருப்பிச் சுவரில் ஒட்டி, ஹாலின் படத்தை வரைந்து, சண்டையோ அழுகையோ நடந்த இடத்தில் புள்ளி வைத்துப் பக்கத்தில் மணியை எழுதுங்கள். ஒரு வாரத்தில் புள்ளிகள் இரண்டு மூன்று இடங்களில் குவிந்துவிடும். ஒரு குழந்தை லீவு போட்ட நாளிலும் அதே இடத்தில் புள்ளி விழுந்தால், கோளாறு அறையில் இருக்கிறது. அப்புறம் கீழே உள்ளதில் பொருந்துகிற அறிகுறியைப் பாருங்கள்.

எல்லாப் பொம்மையையும் கொட்டுகிறார்கள், எதிலும் விளையாடுவதில்லை

காலையில் கூடையைக் கவிழ்ப்பார்கள். ஒன்றை எடுப்பார்கள், போடுவார்கள், அடுத்தது. பத்து நிமிடத்தில் தரை முழுக்கப் பொம்மை, குழந்தைகள் ஜன்னலோரம். "இவங்களுக்கு எதைக் கொடுத்தாலும் பத்தல" என்று நாம் இன்னும் ஒரு கூடையை இறக்குவோம். அங்கேதான் தவறு இன்னும் பெரிதாகிறது.

அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்தில் உள்ள டொலீடோ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது; 2018இல் வெளியானது. ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுவரை உள்ள 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும், இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தார்கள். அதே பொம்மையை விதவிதமாகவும் பயன்படுத்தினார்கள். நம் அறையில் நடப்பதைப் பார்த்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆகவே பாதிக்கு மேல் எடுத்து உள்ளே வையுங்கள். எண்ணிக்கைக்கு ஒரு தோராயம்: ஒரு நேரத்தில் விளையாடும் குழந்தை ஒருவருக்கு இரண்டு இடம். பத்துப் பேர் என்றால் இருபது இடம். இங்கே "இடம்" என்பது பொம்மையின் எண்ணிக்கை இல்லை. கட்டைகள் இருக்கும் மூலை மூன்று பேருக்கு இடம், சொப்பு சாமான் மூன்று பேருக்கு, ஒரு பஸில் ஒருவருக்கு. இப்படிக் கூட்டிப் பாருங்கள். இருபதுக்கு மேல் போனால் எடுங்கள். கீழே போனால் சண்டை வரும். அது அடுத்த அறிகுறி.

எடுத்து வைத்ததை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றி இறக்கலாம். மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். நேற்று பாதி கட்டி வைத்ததைத் தேடி வருகிற குழந்தை இருக்கும். மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள். ஒரு பொம்மை அலமாரியிலேயே தூசி படிந்து கிடந்தால் அதை மாற்றலாம். கூட்டம் கூடுகிற பொம்மையை "ரொம்ப நாளா இருக்கே" என்று மாற்ற வேண்டாம். கட்டைகள், சொப்பு, துணி, மணல் ஆகியவற்றை ஆண்டு முழுக்க வைத்திருக்கலாம். அலுப்பு வருவது பொத்தானை அழுத்தினால் பாடுகிற வகைப் பொம்மைகளில்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்குக் கொட்டுவதே விளையாட்டு. நிரப்பு, கவிழ், மறுபடி நிரப்பு. அதைத் தடுத்து ஜெயிக்க முடியாது. அவர்களுக்கென்று ஒரு வாளியும், கொட்டினால் உடையாத பத்துப் பதினைந்து பெரிய பொருட்களும் தனியாகக் கொடுத்துவிடுங்கள். துணிப் பந்து, மூடி, பெரிய மர வளையம் போதும். பஸில் டப்பா தப்பிக்கும்.

ஒரே பொம்மைக்கு அடிதடி

முதலில் வயது பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் "பகிர்ந்துக்கணும் கண்ணு" என்று சொல்வது காற்றோடு போகும். மில்ட்ரெட் பார்ட்டன் என்பவர் 1932இல் குழந்தைகளின் விளையாட்டை வகைப்படுத்தி எழுதினார். தனியாக விளையாடுவது, தள்ளி நின்று பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அதையே தனித்தனியாகச் செய்வது, பிறகுதான் சேர்ந்து விளையாடுவது. இரண்டு வயதுக்காரர்கள் பெரும்பாலும் அந்தப் "பக்கத்தில் உட்கார்ந்து" நிலையில் இருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவன் கையில் உள்ளது எனக்கும் வேண்டும், அதே சிவப்பு வண்டிதான் வேண்டும். இதற்கு ஒரே மருந்து, அதே சிவப்பு வண்டி இன்னும் இரண்டு. பத்து வகைப் பொம்மையில் ஒவ்வொன்று வாங்குகிற காசுக்கு மூன்று வகையில் மும்மூன்றாக வாங்குங்கள். கடைக்காரர் வினோதமாகப் பார்ப்பார், பரவாயில்லை.

மூன்றரை, நான்கு வயதுக்கு மேல் முறை வைக்கலாம். "அஞ்சு நிமிஷம் கழிச்சு" என்பது அவர்களுக்குப் புரியாது. மணல் கடிகாரம் புரியும்; "அவ பத்து சுத்து சுத்தி முடிச்சதும் நீ" என்பதும் புரியும். பொம்மையை வைத்திருக்கும் குழந்தையிடமிருந்து பிடுங்கி அழுகிறவனிடம் கொடுப்பது மட்டும் வேண்டாம். அழுதால் கிடைக்கும் என்று இருவருமே கற்றுக்கொள்வார்கள். வைத்திருப்பவனிடம், "முடிச்சதும் இவன் கையில கொடுத்துடு" என்று சொல்லிவிட்டு, காத்திருப்பவனை வேறொன்றில் உட்கார வையுங்கள். பெரும்பாலும் முடித்ததும் தானே கொண்டுவந்து கொடுப்பார்கள். கொடுக்கிற அந்த நிமிடத்தைப் பெரியவர் பார்த்தால் போதும், கைதட்டக்கூட வேண்டியதில்லை.

வீட்டிலிருந்து கொண்டுவரும் பொம்மை தனிக் கதை. ரிமோட் கார் வந்த நாளில் மொத்த ஹாலும் அதன் பின்னால் ஓடும். வாசலிலேயே ஒரு பெட்டி வைத்து, "கார் இங்க தூங்கட்டும், சாயந்திரம் எழுப்பலாம்" என்று வாங்கி வைத்துவிடுங்கள். தூங்கும்போது கட்டிக்கொள்கிற பழைய துணி, நைந்த கரடி இவற்றுக்கு இந்தச் சட்டம் வேண்டாம். அவை பொம்மைக் கணக்கில் வராது.

கடிக்கிறார்கள்

ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை இது வழக்கமானதுதான், கடிபட்ட குழந்தையின் அம்மாவிடம் அப்படிச் சொல்லிவிட முடியாது என்றாலும். காலண்டர் தாளில் கடித்த நேரத்தைப் பாருங்கள். சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி நேரத்தில் குவிந்திருந்தால் பசியும் களைப்பும். சாப்பாட்டைக் கால் மணி முன்னே நகர்த்திப் பாருங்கள். குழாயடியிலும் செருப்பு ஸ்டாண்டிலும் குவிந்திருந்தால் நெரிசல்; எல்லோரையும் ஒரே நேரத்தில் கை கழுவ அனுப்பாமல் நாலு நாலு பேராக அனுப்புங்கள். ஒரே குழந்தை, எந்த நேரமும், எதையும் கடிக்கிறது என்றால் பல் முளைப்பதாக இருக்கலாம். குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள். திருப்பிக் கடித்துக் காட்டுவது, வாயில் மிளகாய் தடவுவது எல்லாம் இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அது வைத்தியமும் இல்லை, கண்டிப்பும் இல்லை, கொடுமை.

கடித்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவுங்கள். தோல் கிழிந்திருந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். இரண்டு வீட்டுக்கும் தகவல் போக வேண்டும். யார் கடித்தது என்ற பெயர் போக வேண்டியதில்லை.

கட்டிக்கொண்டிருப்பதை யாராவது இடித்துவிடுகிறார்கள்

"மிஸ், அவன் என் வீட்டை உடைச்சுட்டான்!" என்று வந்தால், உடைத்தவனைக் கூப்பிடுவதற்கு முன் அவன் எங்கிருந்து எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று பாருங்கள். பத்தில் எட்டு முறை பாத்ரூமுக்கோ தண்ணீர்க் குடத்துக்கோ போயிருப்பான். கட்டை மூலை அந்த வழியில் இருக்கிறது.

கட்டைகளுக்கு மூன்று பக்கம் அடைத்த இடம் வேண்டும். சுவர் இரண்டு பக்கம், தாழ்வான அலமாரி ஒரு பக்கம். அலமாரி மூன்றடிக்கு மேல் உயரம் வேண்டாம்; உங்கள் பார்வை அதைத் தாண்டித் தரைவரை போக வேண்டும். அதைச் சுவரோடு இரும்புப் பட்டை வைத்து முடுக்கிவிடுங்கள். ஏறுவார்கள், நிச்சயம் ஏறுவார்கள். அலமாரியிலிருந்து இரண்டடி தள்ளித் தரையில் கலர் டேப் ஒட்டி, "டேப்புக்கு அந்தப் பக்கம் கட்டு" என்று பழக்குங்கள். இல்லாவிட்டால் அலமாரியை ஒட்டியே கட்டுவார்கள், அடுத்த கட்டையை எடுக்க வருகிறவன் கால் வைப்பது கோபுரத்தின் மேல்தான்.

இடமே இல்லை என்றால் பாய். தன் பெயரிலேயே ஒரு குழந்தைக் கல்வி முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் வழிப் பள்ளிகளில் ஒவ்வொரு குழந்தையும் சின்னப் பாயை விரித்து அதன் மேல்தான் வேலை செய்யும். பாயை மிதிக்காமல் சுற்றிப் போக மற்றவர்கள் பழகுவார்கள். கோரைப் பாயை நாலாக வெட்டி ஓரம் தைத்தால் செலவு மிகக் குறைவு. முதல் சில நாள் மிதிப்பார்கள். பிறகு ஒருவரையொருவர் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள், அதுவும் கொஞ்சம் அதிகமாகவே.

உயரத்துக்கு ஒரு எல்லை: மரக்கட்டை என்றால் கட்டுகிறவன் தோள்வரை. காலி அட்டைப்பெட்டி என்றால் கூரைவரை போகட்டும்.

ஹாலில் ஓட்டம் நிற்பதே இல்லை

"ஓடாதே" என்று சொல்லித் தொண்டை கட்டுவதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். வாசலில் நின்று, முட்டி போட்டு, குழந்தையின் உயரத்திலிருந்து ஹாலைப் பாருங்கள். கதவிலிருந்து எதிர்ச் சுவர்வரை தடையில்லாத நீண்ட தரை தெரிகிறதா? அந்தத் தரையே "ஓடு" என்கிறது. நடுவில் ஒரு தாழ்வான அலமாரி, ஒரு ஜமுக்காளம், இரண்டு குட்டி மேசை போட்டு வளைத்து விடுங்கள். ஓட்டம் பாதியாகும்.

மீதிப் பாதி வெளியே தீர்க்க வேண்டியது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவுப்படி ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும். மூன்று வயதானபின் அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். காலை ஒன்பதரைக்கு உட்கார வைத்து "அ, ஆ" சொல்லிக்கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு மணி வெயிலில் வெளியே விட்டால் இரண்டும் கெட்டது. வந்ததும் முதல் அரை மணி வெளியே, வெயில் தாழ்ந்ததும் மறுபடி. மழைக்காலத்தில் தாழ்வாரத்தில் பழைய மெத்தை, குனிந்து நுழையக் கயிறு, தாவுவதற்குத் தரையில் சாக்பீஸ் வட்டம்.

எடுத்து வைக்க மாட்டேன் என்கிறார்கள்

இதில் பழி பாதி நம் மேல், பாதி அந்தப் பெரிய பிளாஸ்டிக் டப்பின் மேல். எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுகிற டப் பொம்மைகளுக்குக் குப்பைத்தொட்டி மாதிரி; அதில் போடுவதற்கும் எறிவதற்கும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. அதை மாடியில் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிட்டு, மூடி இல்லாத சின்னக் கூடைகளுக்கு மாறுங்கள். கூடையின் மேல் அந்தப் பொம்மையின் போட்டோ அல்லது படம், அலமாரியில் கூடை இருக்க வேண்டிய இடத்தில் அதே படம். கட்டைகளுக்கு இன்னும் எளிது: அலமாரித் தட்டில் கட்டையை வைத்து அதைச் சுற்றி வரைந்து வண்ணத்தாள் ஒட்டிவிடலாம். நீளக் கட்டை நீளத் தாளில், அரைக் கட்டை அரைத் தாளில். எடுத்து வைப்பதே பஸில் ஆகிவிடும்.

திடீரென்று "எல்லாம் எடுத்து வைங்க" என்றால் யார் கேட்பார்கள்? நாம்கூட கேட்க மாட்டோம். ஐந்து நிமிடம் முன்பே சொல்லுங்கள், அதுவும் ஹாலின் நடுவில் நின்று கத்தாமல் ஒவ்வொரு கூட்டத்தின் பக்கத்திலும் போய். பிறகு தினமும் ஒரே பாட்டு. பாட்டு தொடங்கினால் எடுத்து வைக்கும் நேரம் என்று கைகளுக்குப் பழகிவிடும். வேலையைப் பிரித்துக் கொடுங்கள்: "நீ சக்கரம் வச்சது மட்டும், நீ மஞ்சள் மட்டும்."

ஆயாம்மாவிடமும் பேச வேண்டும். பாசத்தில் அவரே குனிந்து மொத்தத்தையும் எடுத்து வைத்துவிடுவார். "விடுங்க மிஸ், குழந்தைங்கதானே." அவர் இடுப்புக்கும் நல்லதில்லை. கடைசி ஐந்து பொருள் மட்டும் அவர் எடுக்கட்டும்.

பஸில் துண்டு காணவில்லை

வாங்கிய அன்றே ஒவ்வொரு துண்டின் பின்னாலும் ஒரே அடையாளத்தை மார்க்கரால் போடுங்கள். யானை பஸிலுக்கு நட்சத்திரம், மாம்பழத்துக்கு வட்டம். எங்கே துண்டு கிடந்தாலும் "கண்டெடுத்த டப்பா" ஒன்றில் விழ வேண்டும். வெள்ளிக்கிழமை பெரிய குழந்தைகள் நால்வரை உட்கார வைத்து டப்பாவைக் காலி செய்யுங்கள். அவர்களுக்கு அது பதவி. ஒரு துண்டு மட்டும் தொலைந்தால் அட்டையில் வெட்டி வைக்கலாம். மூன்று தொலைந்தால் அந்தப் பஸிலுக்கு விடை கொடுங்கள். முடிக்கவே முடியாத விளையாட்டைக் குழந்தை பாதியில் விட்டுவிட்டுப் போவதில் என்ன தப்பு.

கண்டதையும் வாயில் வைக்கிறார்கள்

மற்றவையெல்லாம் தொல்லை. இதில் உயிர் போகலாம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வாயில் வைப்பதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அந்த வயதில் வாயும் ஒரு கைதான். வாய்க்குப் போகக்கூடாதது தரையில் இல்லாமல் பார்ப்பது நம் வேலை. பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் ஒரு சின்ன உருளையை வைத்து அளப்பார்கள், அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஆகாது. உருளையை நாமே செய்யலாம். கெட்டி அட்டையில் 10 செ.மீ. நீளம், 5.7 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். நீள வாக்கில் சுருட்டி, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டவைத்து டேப் ஒட்டினால் ஏறக்குறைய அதே அளவு வரும். ஒவ்வொரு பொம்மையையும், பொம்மையிலிருந்து கழன்று வரக்கூடிய சக்கரம், கண், மூடி எல்லாவற்றையும் அதில் போட்டுப் பாருங்கள். உருண்டைகளுக்கு அளவு இன்னும் கடுமை: 44.5 மி.மீ. விட்டத்துக்குக் குறைந்த பந்து கூடாது. டேபிள் டென்னிஸ் பந்து 40 மி.மீ. தான். கோலிக்குண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய சில பொருட்களில் கவனம் வேண்டும். அம்பாசமுத்திரம் மரச் சொப்பு அழகு, ஆனால் அதில் குட்டிக் குட்டியாக இருக்கும் கரண்டி, குடம், மூடி எல்லாம் அந்த அட்டை உருளைக்குள் போய்விடும். பெரிய அளவுச் சொப்பு வாங்குங்கள். சின்னதை நான்கு வயதுக்காரர்களின் மேசைக்கு ஏற்றிவிடுங்கள். பல்லாங்குழிக்குப் போடுகிற புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி எல்லாமே தொண்டையில் சிக்கும் அளவு. குன்றிமணி அதைவிட மோசம், அதில் உள்ள ஆப்ரின் கொடிய நஞ்சு. முழுதாக விழுங்கினால் கடினத் தோல் காரணமாகச் சில சமயம் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, கோப்பதற்குத் துளையிட்டிருந்தாலோ ஆபத்து. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறது என்று பிள்ளையார் கண்ணுக்கு ஒட்டுவது, மணி கோப்பது எதற்கும் குழந்தைகள் இருக்கும் இடத்தில் அது வேண்டாம்.

புதுசாக வந்தவற்றில் நான்கு: வெடித்த பலூன் துண்டு, தண்ணீரில் ஊறிப் பெரிதாகிற ஜெல் உருண்டை, சின்ன காந்தம், பட்டன் பேட்டரி. பிறந்தநாளுக்கு பலூன் கட்டினால் உயரத்தில் கட்டி, வெடித்ததை உடனே பொறுக்குங்கள். ஜெல் உருண்டை வயிற்றுக்குள் போனபின் ஊதிக் குடலை அடைக்கும். காந்தம் இரண்டு உள்ளே போனால் குடல் சுவர்களை இடையில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போடும். பட்டன் பேட்டரி உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிக்கத் தொடங்கிவிடும். அதனால் பாடுகிற, மினுக்குகிற பொம்மையின் பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இருக்க வேண்டும். டேப் ஒட்டிய மூடி எடுபடாது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழம் கொடுத்துப் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள் அல்லது எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

மூச்சு அடைத்து, இருமவும் அழவும் முடியாமல் திணறினால் ஒரு வயதுக்கு மேல் உள்ள குழந்தைக்கு, முன்னால் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து பலமான தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டி வயிற்றில் உள்நோக்கி மேலே ஐந்து அழுத்தம். ஒரு வயதுக்குள் என்றால் வயிற்றை அழுத்தக் கூடாது. கையில் குப்புறக் கிடத்தித் தலை தாழ இருக்க முதுகில் ஐந்து தட்டு, மல்லாத்தி நெஞ்சு நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்காக விரலை விட்டுத் துழாவக் கூடாது. இதை வாசித்துத் தெரிந்துகொண்டால் போதாது. முதலுதவிப் பயிற்சியில் பொம்மையின் மேல் ஒருமுறையாவது செய்து பார்த்த ஒருவர் எப்போதும் ஹாலில் இருக்க வேண்டும்.

வயது கலந்த ஹாலில் இன்னொரு சிக்கல்: பெரியவர்களுக்கு மணி கோக்க வேண்டும், சின்னவர்கள் கீழே காத்திருப்பார்கள். சின்னவர்கள் தூங்கும் நேரத்தில் மட்டும் மணி, விதை, சின்னக் கட்டை வெளியே வரட்டும். எடுக்கும்போதும் வைக்கும்போதும் எண்ணுங்கள்.

ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வருகிறது

சளி, பேதி, கை-கால்-வாய்க் கொப்புளம். 2022இல் கேரளத்தில் "தக்காளிக் காய்ச்சல்" என்று பரபரப்பானதும் இந்தக் கொப்புள நோயின் ஒரு வடிவம்தான். இந்தக் கொப்புள நோயைக் கொடுக்கும் வைரஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் கைக்கு, பிளீச் பொருட்களுக்கு.

அலமாரிக்கு மேலே ஒரு "எச்சில் டப்பா" வையுங்கள். வாயில் போன பொம்மை நேராக அதற்குள். திரும்ப அலமாரிக்குப் போகக் கூடாது. மாலையில் டப்பாவில் உள்ளதைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, பிறகு பிளீச் நீர். அழுக்கோடு பிளீச்சில் போட்டால் பிளீச் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். திரவ பிளீச் பாட்டிலில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் என்று இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மி.லி.; 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். பத்து நிமிடம் ஊறியபின் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள், நேற்றையது வீரியம் இழந்திருக்கும். டாய்லெட் கழுவும் ஆசிடோடு பிளீச்சைக் கலந்தால் குளோரின் வாயு வரும். இரண்டும் ஒரே அலமாரியில்கூட வேண்டாம்.

மரப்பொம்மையை ஊறவைத்தால் வெடிக்கும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். துணிப்பொம்மை வாரம் ஒருமுறை துவைத்து நல்ல வெயிலில். பிழிந்தால் தண்ணீர் பீய்ச்சும் ரப்பர் வாத்து வகையறாவை வெட்டிப் பாருங்கள், உள்ளே கறுப்பாகப் பூஞ்சை இருக்கும். அவை வேண்டாம்.

வெளியே: சறுக்கில் ஏறுவதில்லை, மணலைத் தொடுவதில்லை

பயம் என்று நினைப்போம். சறுக்கின் தகட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் குழந்தை சொல்வதுதான் சரி. சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்கே தகடு சுடும், மென்மையான தோல் புண்ணாகிவிடும். நிழலுக்கு நகர்த்த முடியாவிட்டால் மேலே பச்சை நிழல்வலை கட்டுங்கள். பிளாஸ்டிக் சறுக்கும் சூடாகும். அதோடு வெயிலில் நொறுங்கத் தொடங்கும். வெளுத்துப் போய், நகத்தால் கீறினால் மாவு வந்தால் அதன் காலம் முடிந்தது.

கீழே சிமெண்ட் தரை என்றால் சறுக்கே வேண்டாம். நாலடி உயரத்திலிருந்து விழுவதற்கு 9 அங்குல ஆழமாவது தளர்ந்த மணல் வேண்டும், சுற்றிலும் ஆறடிக்குத் தூணோ சுவரோ இருக்கக் கூடாது. மணல் இறுகும். வாரம் ஒருமுறை மண்வெட்டியால் கிளறிவிடுங்கள். ஊஞ்சல் கொக்கி பாதி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், துப்பட்டா, கழுத்துக் கயிறு, ஐ.டி. கார்டு எல்லாம் ஏறுவதற்கு முன் கழற்றப்பட வேண்டும்.

மணலைப் பூனைகள் கழிப்பிடமாக்கும். இரவில் தார்ப்பாய் போட்டு மூடிக் கல் வையுங்கள். பழைய டயரில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். டயரின் அடியில் துளை போட்டுவிடுங்கள். மணல் விளையாட்டு வாளிகளைக் கவிழ்த்து வைக்க ஆயாம்மாவுக்கு நினைவூட்டுங்கள்.

ஒரு குழந்தை மட்டும் ஓரமாகவே நிற்கிறது

புதிதாகச் சேர்ந்ததா? சில வாரம் பார்த்துக்கொண்டே இருப்பதும் விளையாட்டில் சேர்த்திதான். இழுத்துப்போய் நடுவில் உட்கார வைக்காதீர்கள். கூட்டத்துக்குப் பக்கத்தில், ஆனால் வெளியே, அதே பொம்மையில் ஒன்றோடு நீங்கள் உட்காருங்கள். பேச வேண்டாம், உருட்டிக்கொண்டிருங்கள். தானாக வரும். சத்தம் பிடிக்காத குழந்தைக்கு ஒரு மூலையில் பழைய புடவையால் கூடாரம் கட்டி, ஒருவர் மட்டும் நுழையலாம் என்று வைத்துவிட்டால் போதும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, காட்டிய இடத்தைப் பார்க்கவில்லை, வண்டியை ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுழற்றுகிறது, முன்பு பேசிய சொற்கள் குறைகின்றன. இவற்றை நாம் முடிவு கட்டக் கூடாது, தள்ளியும் போடக் கூடாது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க வருகிறது. அவர்களிடம் பார்த்ததைத் தேதியோடு சொல்லுங்கள். தனியார் பிளே ஸ்கூல் என்றால் பெற்றோரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ குழந்தை மருத்துவரிடமோ அனுப்பலாம். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பொம்மை உடைந்துகொண்டே இருக்கிறது, வாங்கக் காசில்லை

மலிவு பிளாஸ்டிக்கைக் குறைத்தால் பாதிச் செலவு போய்விடும். அட்டைப்பெட்டி, தேங்காய்ச் சிரட்டையை வழவழப்பாக்கியது, எவர்சில்வர் டம்ளர், பழைய துப்பட்டா, நுங்கு காலத்தில் நுங்கு வண்டி: நம் குழந்தைகள் அதிக நேரம் விளையாடுவது இவற்றோடுதான். காசு கொடுத்து வாங்குவதில் முதலில் மரக்கட்டைகள், பிறகு பெரிய பந்து, பிறகு மற்றவை.

2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. அங்கே உருளைச் சோதனையும் வர்ணமும் உங்கள் பொறுப்பு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் யாரோ நன்கொடையாகத் தருகிற பழைய மரக்குதிரை, பெயிண்ட் அடித்த பழைய தொட்டில் போன்றவற்றில் வர்ணம் உரிந்திருந்தால் வாங்காதீர்கள். சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், சுரண்டும் தூசியில்தான் ஈயம் பறக்கும்.

நன்கொடையை மறுப்பது சங்கடம்தான். "இடமில்லைங்க, புதுசா ரெண்டு பாய் வாங்கித் தந்தா உதவியா இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் வாங்கித் தருவார்கள். உடைந்ததைக் குப்பையில் போடும்போது இன்னும் இரண்டாக உடைத்துப் போடுங்கள். முழுதாகப் போட்டால், "நல்லாத்தானே இருக்கு" என்று ஆயாம்மா கழுவி மறுபடி அலமாரியில் வைத்துவிடுவார்.